சீனக்குடா வானமும் ஒற்றை வரி அறிக்கையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் மேற்குக் கரையிலுள்ள சீனக்குடா விமானத் தளம், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியக் கடற்படை விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்கானதாலும், 1957இல் பிரித்தானியரிடமிருந்து இலங்கையின் கைக்கு வந்ததாலும் வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. இன்று அது இலங்கை விமானப்படையின் பயிற்சி அக்கடமி இயங்கும் இடம். இங்குதான் பயிலுநர் விமானிகள் முதன்முதலாக வானில் ஏறுகிறார்கள். ஆனால் ஏறுவதற்கு முன்பே அவர்கள் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்து, எழுவாயும் பயனிலையும் இல்லாமல், ஒரே வரியில் வரும் வானிலை அறிக்கையைப் பார்த்தவுடன் படித்து, அது சொல்லும் வானத்தை மனத்தில் கட்டியெழுப்புவதே அந்தப் பாடம். இரத்மலானையில் பறக்கக் கற்கும் சிவில் மாணவருக்கும், திருச்சியிலோ சென்னையிலோ இறங்கும் விமானத்தின் தலைமை விமானிக்கும் இதே வரிதான் வருகிறது.

உலகெங்கும் ‘மெட்டார்’ என்று அழைக்கப்படும் இந்த அறிக்கை, விமான நிலையமொன்றில் குறித்த நேரத்தில் அவதானிக்கப்பட்ட வானிலையைச் சொல்வது. பெரும்பாலும் மணிக்கு ஒருமுறையும், நெரிசல் மிக்க நிலையங்களில் அரைமணிக்கு ஒருமுறையும் வெளியிடப்படும் இது, இடையில் வானிலை சட்டென்று மாறினால் ‘ஸ்பெசி’ என்ற பெயரில் சிறப்பு அறிக்கையாகவும் வரும். உலக வளிமண்டலவியல் அமைப்பும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் சேர்ந்து வகுத்த இக்குறிமுறை 1968இல் நடைமுறைக்கு வந்தது. செய்திகள் டெலிபிரிண்டரில் எழுத்தெழுத்தாகத் தட்டிச் சென்ற காலம் அது. ஒவ்வோர் எழுத்துக்கும் நேரமும் பணமும் செலவானதால், சொற்களை முறித்து இரண்டெழுத்தாகவும் மூன்றெழுத்தாகவும் அடக்கினார்கள். அந்த நெருக்கடி மறைந்து பல பத்தாண்டுகளாகியும் குறிமுறை மாறாதிருப்பதற்கு வெறும் பழக்கம் மட்டும் காரணம் அன்று. எந்த மொழி பேசும் விமானியும் ஒரே பொருளைக் கொள்ளத்தக்க வரி அது; பத்து நிலையங்களின் அறிக்கைகளை ஒரே தாளில் அடுக்கி ஒரு பார்வையிலேயே ஒப்பிடலாம் என்ற வசதியும் அதில் இருக்கிறது.

விளக்கத்துக்காக, கச்சான் காற்று வீசும் பருவத்துப் பிற்பகலொன்றைக் கற்பனை செய்து, சீனக்குடாவின் பெயரில் அமைக்கப்பட்ட அறிக்கையொன்றை இங்கே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில எழுத்துகள் அவற்றின் ஒலிப்பெயராலேயே தரப்படுகின்றன.

மெட்டார் வி.சி.சி.டி. 151000 இசட் 24014 ஜி26 கே.டி. 210 வி 270 9999 வி.சி.எஸ்.எச். ஃபியூ030 சி.பி. எஸ்.சி.டி.100 33/25 கியூ1006 டெம்போ 3000 டி.எஸ்.ஆர்.ஏ.

அறிக்கை என்பதைச் சொல்லும் முதற்சொல்லை அடுத்து வரும் நான்கெழுத்து, நிலையத்தின் பெயர். முதலெழுத்து ‘வி’ தெற்காசியாவையும் அதனை அடுத்த கிழக்கு நாடுகளையும் குறிக்க, இரண்டாமெழுத்து ‘சி’ இலங்கையைச் சுட்டுகிறது. நாட்டின் பெயர் மாறிய பின்னும் இங்கே சிலோன் நிலைத்துவிட்டது. தென்னிந்திய நிலையங்கள் ‘வி.ஓ.’ என்று தொடங்கும். சென்னை இன்றும் மெட்ராஸின் முதலெழுத்தைச் சுமந்து வி.ஓ.எம்.எம். ஆகவே இருக்கிறது.

அடுத்த ஆறிலக்கத்தில் முதலிரண்டு திகதி, எஞ்சிய நான்கு நேரம். ‘இசட்’ என்பது உலகப் பொது நேரம். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது என்பதால் 1000 என்பது பிற்பகல் 3.30. இதைக் கணக்கிடுவது எளிது என்று தோன்றினாலும், தேர்விலும் பறப்பிலும் மாணவர் முதலில் தடுமாறுவது இங்கேதான்; அதிலும் அதிகாலை 5.30க்கு முந்திய அறிக்கையில் திகதியே முதல்நாள் திகதியாக நிற்பதை மறந்துவிட்டால், நேற்றைய வானத்தை இன்றையதென்றோ இன்றையதை நேற்றையதென்றோ கொள்ள நேரும். உள்ளூர் நேரத்தை நம்பாமல் பொது நேரத்தைப் பற்றிக்கொள்வது ஏன் என்பதை இலங்கையர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1996இல் இரண்டு முறையும் 2006 ஏப்ரலில் ஒரு முறையும் நாட்டின் கடிகாரம் நகர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே வழங்கியதால் ஒரே தீவில் இரண்டு நேரங்கள் ஓடின. வானிலை அறிக்கைக்கு அந்தப் பத்தாண்டுகளிலும் ஒரே நேரம்தான்.

காற்றுக்குரிய பகுதியில் முதல் மூன்றிலக்கம் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பாகையிலும், அடுத்த இரண்டிலக்கம் வேகத்தை நொட் கணக்கிலும் சொல்கின்றன. ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.85 கிலோமீற்றர். 240 பாகை என்பது தென்மேற்கு. ‘ஜி26’ என்பது இடையிடையே 26 நொட் வரை உந்தும் வீச்சுக் காற்று. கடந்த பத்து நிமிடச் சராசரியைவிடக் குறைந்தது 10 நொட் மிகும்போதே வீச்சு இவ்வாறு தனித்துக் குறிக்கப்படும். ‘210 வி 270’ என்பது திசை அந்த இரு பாகைகளுக்கிடையே அலைகிறது என்பதைக் காட்டுகிறது.

கிழக்கிலங்கையில் பிறந்தவர் இந்தப் பகுதியைப் படிக்கும்போது எண்களுக்கு அப்பாலும் சிலவற்றை அறிந்துகொள்வார். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபுறம் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, உலர்ந்த வெப்பக் காற்றாகத் திருகோணமலையையும் மட்டக்களப்பையும் வந்தடைகிறது. கரையோரத்தார் கச்சான் என்று சொல்லும் அக்காற்று மே தொடக்கம் செப்டெம்பர் வரை அவர்களது தொழிலையும் பயணத்தையும் தீர்மானிப்பது. வடகீழ்ப் பருவத்தில் எதிர்த்திசையிலிருந்து வருவது வாடை. சீனக்குடாவின் ஓடுபாதை இந்த இரண்டுக்கும் ஏறத்தாழ இணையாகக் கிடக்கிறது. அதன் ஒரு முனையின் எண் 24, மறுமுனையின் எண் 06. ஓடுபாதை நோக்கும் காந்தத் திசையைப் பத்தால் வகுத்துப் பெறும் எண்ணே இது. விமானம் காற்றை எதிர்கொண்டே ஏறவும் இறங்கவும் விரும்பும் என்பதால், கச்சான் காலத்தில் 24ஆம் முனைத் திசையும் வாடைக் காலத்தில் 06ஆம் முனைத் திசையும் பயன்படுவது இயல்பு. காற்று 240 பாகையிலிருந்து வந்தால் விமானியின் முகத்துக்கு நேரே வருகிறது; அதே காற்று 270க்குத் திரும்பி 20 நொட் வேகத்தில் வீசினால், முப்பது பாகைச் சாய்வில் அதன் பாதியான 10 நொட் பக்கவாட்டில் தள்ளும். ஆகவே ‘210 வி 270’ என்ற சிறு சேர்க்கை, இறங்கும் நேரத்தில் இறக்கை எந்தப் பக்கம் தூக்கப்படலாம் என்ற எச்சரிக்கையாகவே படிக்கப்பட வேண்டும். எழுத்தில் வரும் அறிக்கை மெய்வடக்கிலிருந்தும், கட்டுப்பாட்டுக் கோபுரம் வாய்மொழியாகச் சொல்லும் காற்று காந்த வடக்கிலிருந்தும் அளக்கப்படுவதையும் பாடநூல்கள் வலியுறுத்தும். இலங்கையில் இரண்டுக்கும் வேறுபாடு இரண்டு மூன்று பாகைதான் என்பதால் அது தேர்வில் தரும் தொல்லையைப் பறப்பில் தருவதில்லை.

9999 என்பது பார்வைத்தூரம் பத்துக் கிலோமீற்றரோ அதற்கு மேலோ என்பதாகும். அதற்குக் குறைந்தால் மீற்றர் கணக்கிலேயே வரும்: 3000 என்றால் மூன்று கிலோமீற்றர். மனிதர் அவதானிக்கும் நிலையங்களில், தூரம் முன்பே அளந்து வைத்த குன்று, கோபுரம், உயர்ந்த கட்டடம் ஆகியவற்றில் எவை தெரிகின்றன என்று சுற்றிப் பார்த்தே இது முடிவுசெய்யப்படுகிறது. எனவே இது கருவியின் துல்லியம் என்பதைவிடப் பழகிய கண்ணின் தீர்ப்பு.

அடுத்து வரும் ‘வி.சி.எஸ்.எச்.’ என்ற சிறு கூட்டிலேயே இந்தக் குறிமுறையின் இயல்பு முழுவதும் வெளிப்படுகிறது. ‘எஸ்.எச்.’ என்பது திடீரென்று பெய்து திடீரென்று ஓயும் மழை. அதன் முன்னுள்ள ‘வி.சி.’, நிலையத்தின் பெயரில் இலங்கையைக் குறித்த அதே ஈரெழுத்துத்தான்; இங்கோ ‘அண்மையில்’ என்று பொருள்படுகிறது. எழுத்தைப் பார்த்து மட்டும் பொருள் கொள்ள முடியாது, அது வரிசையில் எங்கே நிற்கிறது என்பதும் பொருளின் பாகம் என்பதை இலங்கை மாணவர் தம் நாட்டு அறிக்கைகளிலேயே கற்றுக்கொள்ளலாம். ‘அண்மை’ என்பதும் பொத்தாம்பொதுவான சொல் அன்று: விமான நிலையத்தின் மையப்புள்ளியிலிருந்து சுமார் 8 கிலோமீற்றருக்கும் 16 கிலோமீற்றருக்கும் இடைப்பட்ட வளையமே அது.

இந்த வளையத்தைத் திருகோணமலை மாவட்டப் படத்தில் வரைந்து பார்த்தால் அறிக்கையின் எல்லை கண்ணுக்குத் தெரியும். சீனக்குடாவை மையமாகக் கொண்டால் கிண்ணியா உள்வட்டத்துக்குள் அடங்குகிறது. நேர்கோட்டில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் வடக்கேயுள்ள சாம்பல்தீவும், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் தென்கிழக்கேயுள்ள மூதூரும் வளையத்தில் விழுகின்றன. நிலாவெளி வளையத்தின் விளிம்பை ஒட்டி நிற்க, குச்சவெளியும் கந்தளாயும் வெளியே போய்விடுகின்றன. ஆகவே சாம்பல்தீவில் கூரை அதிரப் பெய்யும் மழை, ஓடுபாதையில் ஒரு துளியும் விழாத நிலையில், சீனக்குடா அறிக்கையில் ‘வி.சி.எஸ்.எச்.’ என்ற நான்கெழுத்தாக மட்டுமே பதிவாகும். அது வலுத்த மழையா, மெல்லிய மழையா என்றும், சாம்பல்தீவிலா மூதூரிலா என்றும் அந்நான்கெழுத்து சொல்லாது. பார்வைத்தூரம் 9999 என்று பக்கத்திலேயே எழுதியிருப்பதும் இதற்கு முரணாகாது. குச்சவெளியில் அடிக்கும் புயல்மழைக்கோ அறிக்கையில் இடமே இல்லை. ஆனால் 90 நொட் வேகத்தில் கரையோரமாக வடக்கே பறக்கும் சிறிய பயிற்சி விமானம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

வானிலை நிகழ்வுகளுக்குரிய எழுத்துகள் பல உள. ‘ஆர்.ஏ.’ மழை, ‘டி.இசட்.’ தூறல், ‘டி.எஸ்.’ இடிமழை, ‘எச்.இசட்.’ புழுதிமங்கல். முன்னால் கழித்தற்குறி இருந்தால் மெல்லியது, கூட்டற்குறி இருந்தால் கடுமையானது, ஒன்றும் இல்லாவிட்டால் நடுத்தரமானது. மென்மூடுபனிக்கு ‘பி.ஆர்.’ என்றும் ஆலங்கட்டி மழைக்கு ‘ஜி.ஆர்.’ என்றும் வருவதைக் கண்டு ஆங்கிலம் நன்கறிந்த மாணவரும் குழம்புவதுண்டு. அவை பிரெஞ்சுச் சொற்களின் சுருக்கம் என்பதே காரணம். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை, இரண்டு வாரத்தில் அது முடிந்தும் விடும். சிரமமான பகுதி அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

முகில்களைப் பற்றிய பகுதி வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்துச் சொல்கிறது. ஒன்று அல்லது இரண்டு பங்கை முகில் மூடியிருந்தால் ‘ஃபியூ’, மூன்று நான்கு பங்கென்றால் ‘எஸ்.சி.டி.’, ஐந்து முதல் ஏழு வரை ‘பி.கே.என்.’, எட்டும் மூடிவிட்டால் ‘ஓ.வி.சி.’. தொடரும் மூன்றிலக்கத்தோடு இரண்டு சுழியம் சேர்த்தால் நிலையத்துக்கு மேலே முகிலடியின் உயரம் அடியில் கிடைக்கும். ஆக ‘ஃபியூ030’ என்பது 3,000 அடியில் ஓரிரு பங்கு முகில். இவ்வளவோடு நின்றிருந்தால் அது மகிழ்ச்சியான செய்தி. அதையொட்டியுள்ள ‘சி.பி.’ என்ற இரண்டெழுத்து அதைத் தலைகீழாக்கிவிடுகிறது, ஏனெனில் அது இடியும் மின்னலும் கடுமையான மேலெழு, கீழிறங்கு காற்றுகளும் கொண்ட கார்முகிலைக் குறிப்பது. ஓரிரு பங்குதானே என்று அளவைப் பார்த்து ஆறுதல் அடைவதும், எந்தவகை முகில் என்பதைக் கவனியாது விடுவதும் புதிய மாணவரிடம் ஆசிரியர் அடிக்கடி திருத்தும் பிழை.

33/25 என்பதில் முதலாவது வெப்பநிலை, இரண்டாவது பனிபடுநிலை. பின்னது, காற்று எவ்வளவு குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி நீர்த்துளியாகும் என்பதைக் காட்டும் வெப்பநிலை. இரண்டுக்கும் இடைவெளி சுருங்கச் சுருங்க மூடுபனிக்கும் தாழ்முகிலுக்கும் வாய்ப்புக் கூடும். இடைவெளியை 400ஆல் பெருக்கினால் எழுமுகிலின் அடிமட்டம் ஏறத்தாழ அடியில் கிடைக்கும் என்பது விமானிகளின் பழைய கணக்கு: எட்டுப் பாகை இடைவெளிக்கு 3,200 அடி. அறிக்கையிலுள்ள 3,000 அடியோடு இது ஒத்துப்போவதைக் காணும் மாணவர், வரியின் ஒரு பகுதி மற்றொன்றுக்குச் சாட்சி சொல்கிறது என்பதை உணர்வார். அதே 33 பாகை வேறொன்றையும் சொல்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஆகவே கடல்மட்டத்தை ஒட்டியிருக்கும் சீனக்குடா ஓடுபாதை, அந்தப் பிற்பகலில் விமானத்தின் எந்திரத்துக்கும் இறக்கைக்கும் சுமார் 2,300 அடி உயர மலைநாட்டு ஓடுபாதை போலத் தோன்றும். விமானம் தரையைவிட்டு எழக் கூடுதலான தூரம் ஓட வேண்டியிருக்கும்.

கியூ1006 என்பது கடல்மட்டத்துக்குத் திருத்திய வளிமண்டல அமுக்கம், ஹெக்டோபாஸ்கல் கணக்கில். விமானத்தின் உயரமானி உண்மையில் ஓர் அமுக்கமானிதான். இந்த எண்ணை அதில் வைத்தால்தான் அது கடல்மட்டத்திலிருந்து உயரத்தைச் சரியாகக் காட்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழைத்தால் ஏறத்தாழ 28 அடி பிழைக்கும். அதனாலேயே அளந்த அமுக்கம் 1006.9 ஆக இருந்தாலும் அறிக்கையில் 1007 என்று எழுதாமல் 1006 என்று கீழ்நோக்கியே முழுமைப்படுத்துவார்கள். குறைந்த எண்ணை வைத்தால் உயரமானி குறைத்துக் காட்டும், விமானம் அது காட்டுவதைவிடச் சற்று மேலேதான் இருக்கும், பிழையும் பாதுகாப்பின் பக்கமே சாயும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022 மே 23ஆம் திகதி பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்தில் நிகழ்ந்தது சான்று. 1001 என்பதற்குப் பதில் 1011 என்ற எண் கட்டுப்பாட்டாளரிடமிருந்து விமானிகளுக்குச் சென்றது. மழைக்குள் ஓடுபாதை தெரியாமல் இறங்கிவந்த ஏர்பஸ் ஏ320 விமானம், ஓடுபாதைக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் முன்பாகவே தரையிலிருந்து வெறும் ஆறு அடி உயரம் வரை தாழ்ந்து, பின்னரே மேலெழுந்து தப்பியது. பிழைத்தது ஒரே ஓர் இலக்கம்.

வரியின் முடிவில் வருவது அடுத்த இரண்டு மணிநேரத்துக்கான சிறு முன்னறிவிப்பு. குறிப்பிடத்தக்க மாற்றம் இராது என்றால் ‘நோசிக்’. மாறி அப்படியே நிலைக்கும் என்றால் ‘பெக்மிங்’. இடையிடையே வந்து போகும் என்றால் ‘டெம்போ’. நமது அறிக்கையின் ‘டெம்போ 3000 டி.எஸ்.ஆர்.ஏ.’, இடியுடன் கூடிய மழை ஓடுபாதைக்கே வந்து பார்வைத்தூரத்தை மூன்று கிலோமீற்றராக்கலாம் என்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு மணிநேரத்துக்குக் குறைவாகவும், மொத்தத்தில் அந்தக் காலத்தின் பாதிக்குக் குறைவாகவும் நீடிப்பதே டெம்போ என்பது விதி. இச்சொல்லைத் ‘தற்காலிகம்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு அலட்சியம் செய்வோர் உளர்; ஒரு மணிநேர எரிபொருளே மிஞ்சியிருக்கும் விமானிக்கு ஐம்பது நிமிட இடிமழை தற்காலிகமானது அன்று. 24 அல்லது 30 மணிநேரத்துக்கான விரிவான முன்னறிவிப்பு ‘டாஃப்’ என்ற தனி அறிக்கையாக, இதே எழுத்துகளில் வருகிறது. மெட்டார் கண்டதைச் சொல்வது, டாஃப் கருதுவதைச் சொல்வது. இரண்டும் பிணங்கும்போது எதை நம்புவது என்று மாணவர் கேட்பர். முன்னறிவிப்பு எழுதப்பட்ட பின் வானம் வேறு வழியில் சென்றுவிட்டது என்பதற்கே அந்தப் பிணக்கு அடையாளம் என்பதால், இரண்டில் ஒன்றைத் தேர்வதைவிடப் புறப்பாட்டைத் தள்ளிவைப்பதே பெரும்பாலும் சரியான விடை.

இப்போது முழு வரியையும் சேர்த்துப் படித்தால், பிற்பகல் மூன்றரை மணிக்குக் கச்சான் பலத்து உந்துகிறது, ஓடுபாதைக்கு மேல் வானம் பெரும்பாலும் திறந்திருக்கிறது, எங்கோ பத்துக் கிலோமீற்றர் அளவில் கார்முகிலொன்று பொழிகிறது, அது இங்கே வரக்கூடும் என்ற காட்சி உருவாகிறது. எங்கே என்பதை அறிய மாணவர் வெளியே வந்து பார்க்க வேண்டும், ராடார் படத்தையோ செய்மதிப் படத்தையோ நாட வேண்டும், அல்லது அந்தப் பருவத்தில் மாலை மழை எந்தப் பக்கம் திரளும் என்று ஊராரிடம் கேட்க வேண்டும். இன்றைய கைபேசிச் செயலிகள் குறிமுறையை நொடியில் சாதாரண ஆங்கிலமாக்கித் தந்துவிடுகின்றன. அதில் தீங்கொன்றும் இல்லை. ஆயினும் அவை எல்லாப் பகுதியையும் ஒரே அளவான வாக்கியங்களாக விரித்துவிடுவதால், ‘சி.பி.’ என்ற எழுத்தின் கனமும் ‘10 கிலோமீற்றருக்கு மேல்’ என்ற வழக்கமான செய்தியும் ஒரே எடை பெற்றுவிடுகின்றன. மூல வரியில் பழகிய கண் வழக்கத்துக்கு மாறானதை முதலில் பிடிக்கும். அறிக்கையில் எது இல்லை என்பதையும் அதுவே கவனிக்கும்.

இதைக் கற்க விமானமோ பயிற்சிக் கட்டணமோ தேவையில்லை. கட்டுநாயக்க, சென்னை, திருச்சி ஆகிய நிலையங்களின் அறிக்கைகள் இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியவாறு இலவசமாகக் கிடைக்கின்றன. உயர்தரத்தில் பௌதிகமோ புவியியலோ படிக்கும் சாம்பல்தீவு மாணவர், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் தம் வீட்டு முற்றத்து வானத்தைப் பார்த்து, காற்று, முகில், பார்வைத்தூரம் மூன்றையும் இதே குறிமுறையில் ஒரு வரியாக எழுதிவைத்து, பிறகு கட்டுநாயக்கவின் அன்றைய வரியோடு ஒப்பிட்டால், மலைநாட்டின் இரு பக்கமும் ஒரே பருவக்காற்று எவ்வளவு வேறாக நடந்துகொள்கிறது என்பது சில வாரங்களிலேயே புலப்படும். முதல் மாதம் மட்டும் பொருள் விரித்துத் தரும் செயலியைத் திறக்காமலிருப்பது நல்லது.